எண்பது வருஷத்து ரத்தம்

ஒரு பழைய துப்பாக்கித் தொலைநோக்கியைத் துடைத்துக் கொடுக்க ஆள் வேண்டுமென்று டெஸ்மண்ட் கெடா மாநிலம் முழுக்கத் தேடினான். தேடித் தேடிக் கடைசியில் கோலா கெத்திலில் காளியம்மா வீட்டு வாசலில் வந்து நின்றான். அத்தனை வீடு இருக்க, இந்த வீடு. அது யார் வீடு என்று தெரிந்திருந்தால் அவன் ஜித்ராவிலிருந்து காரைக் கிளப்பியே இருக்க மாட்டான்.

காளியம்மாவுக்கு அறுபத்தைந்து வயது. சுங்கைப் பட்டாணியில் ஒரு லென்ஸ் தொழிற்சாலையில் முப்பது வருஷம் சோதனைப் பிரிவில் உட்கார்ந்தவள். கேமராவுக்குப் போகும் கண்ணாடியை விளக்குக்கு நேரே பிடித்து, கீறல் உண்டா, தூசி உண்டா, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்து, தேறாததைச் சிவப்புத் தட்டில் போட வேண்டும். முப்பது வருஷம் அதையே செய்ததில் மனிதர்களையும் அவள் அப்படித்தான் பார்ப்பாள். பெரும்பாலும் சிவப்புத் தட்டுதான்.

டெஸ்மண்டைப் பார்த்த மாத்திரத்தில் போட்டுவிட்டாள். ஐம்பத்தைந்து வயசிருக்கும். எட்டுப் பாக்கெட் வைத்த காக்கி மேலங்கி. எட்டிலும் ஒன்றும் இல்லை. போன வருஷம் வரைக்கும் தாமான் என்கிற புதுக் குடியிருப்புகளில் வீடுகளை விற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தவன், இந்த வருஷம் அட்டையில் ‘போர் வரலாற்று ஆய்வாளர்’ என்று அச்சடித்து வைத்திருந்தான்.

“லென்ஸ் வேலைல ஒங்களை அடிச்சிக்க ஆள் இல்லைன்னு சொன்னாங்க அக்கா,” என்றான். “ஜித்ரால ஒரு கடைவீட்டு மாடில போர்க் கண்காட்சி வைக்கிறேன். அதுல முக்கியமான பொருளே இதுதான் லா. ஜப்பான்காரன் ஸ்னைப்பர் துப்பாக்கில வச்சிருந்த தொலைநோக்கி. எங்க தாத்தா சண்டைல புடுங்கினது. உள்ள பார்த்தா ஒரே பனியா இருக்கு. வெளிய கொண்டுவர பயம், நீங்கதான் வரணும்.”

“தாத்தா பேரு?”

“ரஃபேல். கல்லுமலைத் தோட்டத்துப் பெரிய கிராணி. மொத்தக் கணக்கும் அவரு கைலதான். கேள்விப்பட்டிருப்பீங்க.”

காளியம்மா கேள்விப்பட்டிருந்தாள். கையில் இருந்த கோப்பியை ஆற்றுகிற மாதிரி ஊதிக்கொண்டாள். அது ஏற்கனவே ஆறித்தான் போயிருந்தது.

இந்த இடத்தில், கண்ணுகளா, கொஞ்சம் பின்னால் போய் வந்துவிடுவோம். ரொம்ப தூரம் இல்லை, என் கூடவே வாருங்கள்.

காளியம்மாவின் அப்பா ராமையா அதே கல்லுமலைத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். நாற்பத்தொன்றாம் வருஷம் டிசம்பர் மழையில் ஜித்ராவில் சண்டை நடந்து, வெள்ளைக்காரப் பட்டாளம் தெற்கே ஓடின பிறகு, தோட்டத்து ஓரக் கால்வாயில் ஒரு ஜப்பான் சிப்பாய் செத்துக் கிடந்தான். பக்கத்தில் சேற்றில் அவன் துப்பாக்கி. அதன் இடது பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் குழாய். துப்பாக்கியைத் தொட்டால் தலை போகும் என்று ராமையாவுக்குத் தெரியும். குழாயை மட்டும், பக்கத்திலிருந்த பிடியைத் திருப்பிக் கழற்றி, இடுப்பில் சொருகிக்கொண்டு வந்துவிட்டார்.

அதை வைத்து அவர் யாரையும் சுடவில்லை. சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க ஜப்பான்காரன் லாரி வரும் காலம் அது. ராமையா வேலைக்கு நடுவே மேட்டில் ஏறி, குழாயைக் கண்ணில் வைத்து ரோட்டைப் பார்ப்பார். லாரி தெரிந்தால் ஓடிவந்து சொல்லுவார். லயத்து வரிசை வீடுகளின் ஆம்பிளைகள் புதரில் போய்ப் படுத்துவிடுவார்கள். இரண்டு தடவை அப்படித் தப்பினார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். வருஷத்துக்கு ஒருநாள், ஆயுத பூஜை அன்றைக்கு, கதவைச் சாத்திவிட்டு, பால் வெட்டும் கத்தி பக்கத்தில் அந்தக் குழாயையும் வைப்பார். அவர் பெண்சாதி மருதம்மாள் கத்திக்கு ஒரு பொட்டு, குழாய்க்கு ஒரு பொட்டு வைப்பாள். சோறு போடுகிறது கத்தி. ஆளைக் காப்பாற்றியது குழாய். இரண்டும் ஆயுதம்தானே.

அப்புறம் வெள்ளைக்காரன் திரும்பி வந்து, கம்யூனிஸ்ட்காரர்களைப் பிடிக்க அவசரகாலம் போட்டான். துப்பாக்கிச் சாமான் வைத்திருந்தால் தூக்கு என்று ஊரெல்லாம் பேச்சு. ராமையா பயந்துபோய், படித்த மனுஷன் ஆயிற்றே என்று கிராணி ரஃபேலிடம் போய் யோசனை கேட்டார். கிராணி சொன்ன யோசனை: “எங்கிட்ட குடு. ஆத்துல போட்டுடறேன். நீயும் பார்க்கல, நானும் பார்க்கல.”

குழாய் போன பிறகுதான் ராமையாவுக்குப் பயம் விட்டது. பயம் விட்டதும் வாய் திறந்தது. லாரி வந்ததை எப்படிப் பார்த்தேன் தெரியுமா என்று நாலு பேரிடம் சொன்னார். குழாய் இத்தனை நீளம், கண் வைக்கிற இடத்தில் கறுப்பு ரப்பர் கிண்ணம் என்று கையால் காட்டினார். “எந்த ரப்பர், நம்ம தோட்டத்து ரப்பரா?” என்று சிரித்தார்கள். அவர் கிராணியைக் கேட்கச் சொன்னார். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு எல்லாரும் கூடி நிற்கும்போது கேட்டார்கள். கிராணி ரஃபேல் பேர்ப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், “கள்ளுக்கடையில பார்த்திருப்பான் குழாயை,” என்றார்.

அன்றைக்கே பேர் விழுந்துவிட்டது. குழாய் ராமையா. முதலில் கத்தினவன் பக்கிரிசாமி, எட்டு ஒன்பது வயதுப் பொடியன் அப்போது. அப்புறம் தோட்டமே கத்தியது. அவர் எதைச் சொன்னாலும், மழை வருது என்று சொன்னால்கூட, குழாயில பார்த்தியா என்பார்கள். காளியம்மா பிறந்ததும் அவள் ‘குழாய் மக’. காளியம்மாவுக்கு அதையெல்லாம் சொன்னதே மருதம்மாள்தான்; ராமையா அந்தக் கதையை அதற்கப்புறம் சாகிறவரை சொல்லவில்லை. அப்படி வாயை மூடிக்கொண்டதுதான் காளியம்மாவுக்கு இன்றுவரை ஆறாதது.

அவளுக்கு அந்தக் குழாய் வேண்டாம். அப்பாவைப் பார்த்துச் சிரித்தவர்கள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்து, அது ராமையாவுடையது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

“வரேன் தம்பி,” என்றாள்.

ஜித்ராவில் மாடி ஏறினதும் முதலில் தெரிந்தது டெஸ்மண்டின் படம். ஆள் உயரத்துக்கு. சண்டை அதற்குப் பின்னால் சின்னதாக நடந்துகொண்டிருந்தது. அவன் அக்கா ஜோன் ஒரு துடைப்பத்தோடு நின்றாள். எழுபது வயது, முட்டிவலி, ஆனாலும் கூட்டிக்கொண்டிருந்தாள். ஆய்வாளருக்குக் கூட்ட வராது.

நீலத் துணிமேல் குழாய் கிடந்தது. காளியம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். கனமான கறுப்பு உலோகம், நீளவாக்கில் பொறித்த நம்பர், கண் வைக்கிற இடத்தில் ரப்பர் கிண்ணம். ரப்பர் காய்ந்து பலாத்தோல் மாதிரி ஆகியிருந்தது. கிண்ணத்தைத் தொட்ட விரலை அவள் உடனே எடுக்கவில்லை.

டெஸ்மண்ட் திறப்பு விழாப் பேச்சை அவளிடம் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தான். தாத்தா வேட்டைத் துப்பாக்கியோடு தனியாகப் போனாராம். மரத்துமேல் இருந்த ஸ்னைப்பரை ஒரே குண்டில் விழத் தட்டினாராம். தொலைநோக்கியைக் கழற்றித் தன் துப்பாக்கியில் பூட்டினாராம். “பூட்டி, தூரத்துக்குத் தக்கபடி இதைத் திருகித் திருகி, அறுநூறு கஜத்துல இன்னும் அஞ்சு பேரை…”

“எதைத் திருகினாரு?”

“ஆங்?”

“காட்டுங்க தம்பி. எதைத் திருகினாரு?”

டெஸ்மண்ட் குழாயை வாங்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரட்டினான்.

“இதுல திருக ஒண்ணுமே இல்ல,” என்றாள் காளியம்மா. “பட்டறையிலயே ஒரு துப்பாக்கிக்கு நேர் பார்த்துப் பூட்டி, நம்பரும் வெட்டி அனுப்பியிருக்கான். இதுக்கு அந்த ஒரு துப்பாக்கிதான் புருஷன். தோட்டாவை மேலேருந்து போடணும்னு குழாயை இடது பக்கம் ஒதுக்கி வச்சான். தூரம், காத்து எல்லாம் உள்ள இருக்கற கோட்டைப் பார்த்து சுடறவனே மனசுல கணக்குப் பண்ணிக்கணும். பெருசாக் காட்டறதும் ரெண்டரை மடங்குதான். இதைக் கழட்டி ஒங்க தாத்தா பன்னி சுடற துப்பாக்கில கட்டினா, பன்னி பொழைச்சிக்கும்.”

துடைப்பத்தை நிறுத்தி ஜோன் சிரித்துவிட்டாள். “தாத்தா எங்க பன்னி சுட்டாரு? துப்பாக்கின்னா காதைப் பொத்திக்குவாரு.”

“அக்கா, ஒங்களுக்குத் தெரியாது லா.”

“எனக்குத் தெரியாம? என்னை மடில வச்சிக்கிட்டுத்தானேடா பார்ப்பாரு. சாயங்காலம் பங்களா வராண்டால சாய்வு நாற்காலியைப் போட்டுக்கிட்டு, இதைக் கண்ணுல வச்சி லயத்தைப் பார்ப்பாரு. யாரு வேலைக்கு மட்டம் போட்டது, யாரு சீக்கிரமா வாளியைக் கவுத்தது, எல்லாம் எழுதிக்குவாரு. மறுநாள் பெரட்டுல கூப்பிட்டு வைவாரு. கிராணிக்கு எப்படித்தான் தெரியுதோன்னு ஜனங்க நடுங்கும்.”

ஆற்றில் போட்ட குழாய். காளியம்மா அந்த வராண்டாவை நினைத்துப் பார்த்தாள். செத்துப்போன ஜப்பான்காரன்மேல் அவளுக்கு அந்த நிமிஷம் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. அவனாவது இதை வைத்துத் தன்னைத் திருப்பிச் சுடக்கூடியவனைப் பார்த்தான்.

“அதெல்லாம் விழால சொல்லாத அக்கா,” என்று டெஸ்மண்ட் முனகினான். பிறகு குழாயின் முதுகைக் காட்டினான். “இது முக்கியம். இந்தக் கறையை மட்டும் துடைச்சிராதீங்க. ரத்தம். அந்த ஸ்னைப்பரோடது.”

புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் மூடிய ஒரு திட்டு. காளியம்மா பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்துக் கண்ணில் செருகிக் குனிந்தாள். பிசுக்குக்கு அடியில் மஞ்சள் வட்டம். வட்டத்துக்கு நடுவே சிவப்பு. நம்பர் வெட்டின பள்ளத்துக்குள்ளும் கொஞ்சம் மஞ்சள் இறங்கிக் காய்ந்திருந்தது. ஒரு பொம்பளையின் மோதிர விரல் அளவு. வருஷா வருஷம் அதே இடத்தில் வைத்து வைத்துத் தடித்திருந்தது.

அவள் தன் மோதிர விரலை அதன் பக்கத்தில், படாமல், பிடித்துப் பார்த்தாள்.

“ரத்தம்தானே அக்கா?”

அப்போதே சொல்லியிருக்கலாம். அது என்ன, யார் வைத்தது, எல்லாம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? டெஸ்மண்ட் கட்டைவிரலை எச்சில் பண்ணி ஒரு தேய்ப்புத் தேய்ப்பான். மருதம்மாள் விரல் போய்விடும். அதற்குப் பிறகு யார் சொன்னாலும் குழாய்க் கதைதான்.

“தொடைச்சாத்தான் தெரியும் தம்பி,” என்றாள்.

“அப்ப அது நல்லா பளிச்சுன்னு தெரியற மாதிரி பண்ணிக் குடுங்க அக்கா. டத்தோ பட்டம் வாங்கினவரு ஒருத்தர் வராரு. கண்ணாடிப் பெட்டிக்கு வெளிய நின்னாலே தெரியணும்.”

“தெரிய வச்சிருவோம்.”

இரண்டு மணி நேரம் வேலை. கண்ணாடிகளின் வெளிப்பக்கத்தைப் பஞ்சு சுற்றிய மூங்கில் குச்சியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு, சுற்றிச் சுற்றித் துடைத்தாள். உள்ளே சிலந்திவலை மாதிரி பூஞ்சை. அதைத் திறந்தால் பழைய அடைப்பு உடையும் என்று விட்டுவிட்டாள். கடைசியாக அந்தத் திட்டுக்கு வந்தாள். ஒரு சொட்டு ஈரம் படவிடவில்லை. ரப்பர்ப் பந்தால் காற்றடித்து, ஒட்டக முடித் தூரிகையால், மேல் அழுக்கை மட்டும் ஒவ்வொரு தூசியாக எடுத்தாள். முப்பது வருஷத்தில் எந்தக் கம்பெனி லென்ஸையும் அவள் அப்படித் துடைத்ததில்லை.

சந்தனம் வெளுத்த மஞ்சளாக எழுந்து வந்தது. நடுவில் குங்குமம்.

கோப்பி கொண்டுவந்த ஜோன் எட்டிப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள், காளியம்மாவைப் பார்த்தாள், மறுபடி குழாயைப் பார்த்தாள்.

“எங்க பக்கத்து வீட்டு ஷாமளா தையல் மெஷினுக்கு இப்படித்தான் வைப்பா,” என்றாள் மெதுவாக.

காளியம்மா தூரிகையைத் துணியில் தட்டினாள்.

“யாருது?”

“எங்கப்பாவோடது. வச்சது எங்கம்மா.”

ஜோன் கோப்பியைக் கீழே வைத்தாள். தம்பி இருந்த திசையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். “தோட்டத்து ஆளுங்க எல்லாரையும் பஸ் வச்சிக் கூப்பிட்டிருக்கான். கூட்டம் காட்டணுமாம். ஞாயித்துக்கிழமை பத்து மணி.” பிறகு, “சீனி போதுமா பாருங்க,” என்றாள்.

டெஸ்மண்ட் வந்து குழாயை ஆசையாக எடுத்தான். ஜன்னலுக்கு நேரே பிடித்து, எதிர்க்கடைப் பலகையைப் படித்து, “வாவ் அக்கா, கிளியர் லா,” என்றான். குழாய்க்குள்ளே பார்த்தான். குழாய்மேல் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. காளியம்மாவே வாங்கி, பொட்டு முன்பக்கம் தெரிகிற மாதிரி பெட்டிக்குள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் கோலா கெத்திலில் கிளம்பி, வழியில் பழைய கல்லுமலைக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு ஜித்ரா வந்தது. காளியம்மா கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தாள். பக்கிரிசாமி முன் சீட்டில். எண்பதைத் தாண்டிவிட்டார், ஊன்றுகோல் வேறு, வாய் மட்டும் அப்படியே. ஏறும்போதே, “குழாய் மகளும் வருதா, சரி சரி, ரொம்ப தூரம் வரைக்கும் வழி தெரியும்,” என்று நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டார்.

டத்தோ வரவில்லை. அவர் செயலாளர் வந்து ஒரு பூச்செண்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். டெஸ்மண்ட் மைக்கைப் பிடித்துக்கொண்டு அறுநூறு கஜத்தில் நின்றான். ஜனங்கள் நாசி லெமாக் பொட்டலத்தோடு கண்ணாடிப் பெட்டிகளைச் சுற்றினார்கள். குழாய்க்குக் கீழே அட்டை: ‘வீரர் ரஃபேல் கைப்பற்றியது. எதிரியின் ரத்தக்கறையை இன்றும் காணலாம்.’

பக்கிரிசாமி மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு குனிந்தார்.

“ஏன் தம்பி,” என்றார், மைக்கையும் மீறின குரலில். “ஒங்க தாத்தா ஆயுத பூஜை கும்பிட்டாரா?”

“என்னா அங்கிள்?”

“பொட்டு வச்சிருக்கே.”

இரண்டு பொம்பளைகள் பொட்டலத்தை மடித்துவிட்டு வந்தார்கள். சாந்தினி என்கிறவள் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தாள். “ஆமா, சந்தனம் வச்சி நடுவுல குங்குமம். எங்க வீட்டு மோட்டாருக்கு நான் வச்ச மாதிரியே இருக்கு.”

“அது ரத்தம்,” என்றான் டெஸ்மண்ட்.

“ரத்தமா? எண்பது வருஷமா செவப்பாவே இருக்கா? போன வாரம் என் மூக்குல வந்தது மத்தியானமே கருத்துப்போச்சு,” என்றார் பக்கிரிசாமி.

“ஜப்பான்காரன் வட்டமா செத்திருக்கான்,” என்றாள் சாந்தினி. “சுத்தி சந்தனம் பூசிக்கிட்டு.”

சிரிப்பு சுவருக்குச் சுவர் போய் வந்தது. டெஸ்மண்டின் தாத்தா அறுநூறு கஜத்திலேயே விழுந்தார். அவன் மைக்கை அணைக்க மறந்து மூச்சு வாங்கினது மாடி முழுக்கக் கேட்டது. “நம்ம கிராணி மாதா கோயிலுக்குப் போற மனுஷன்,” என்று யாரோ சொன்னார்கள். “ஞாயித்துக்கிழமை பூசை தவற மாட்டாரு. அவரு வீட்ல யாரு பொட்டு வைக்கிறது? இது லயத்து வீட்டுல இருந்த சாமான்.”

பக்கிரிசாமி மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தார். அவர் கண் பொட்டை விட்டு நகர்ந்து, குழாயின் நுனிக்குப் போயிருந்தது. கறுப்பு ரப்பர் கிண்ணம். ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையை விரித்துக் கண்ணாடிமேல் வைத்தார், அளக்கிற மாதிரி. ஒரு சாண்.

“குழாய்,” என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான். லயத்தில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் அது போதும். ஒவ்வொருவர் சிரிப்பாக அடங்கியது. “ராமையா சொன்ன குழாய்,” என்றார் மறுபடி. “ரப்பர் கிண்ணம் இருக்குன்னு சொன்னாரு. சொன்னாருய்யா. இது அவரோடது.”

டெஸ்மண்ட் கூட்டத்தில் காளியம்மாவைக் கண்டுபிடித்தான். “அக்கா, நீங்க சொல்லுங்க. நீங்கதானே தொடைச்சீங்க.”

“பளிச்சுன்னு தெரியணும்னு கேட்டீங்க தம்பி,” என்றாள் காளியம்மா. “தெரியுதே.”

ஜோன் வந்து, பெட்டியைத் திறந்து, அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். “வேற எழுதணும்,” என்றாள் பொதுவாக. தம்பியிடம் அனுமதி கேட்கவில்லை.

காளியம்மா கீழே இறங்கிப் பக்கத்துக் கடையில் ஒரு கோப்பி சொல்லிவிட்டு நடைபாதை மேஜையில் உட்கார்ந்தாள். நீங்களும் நானுமாக இருந்தால் அழுதிருப்போம், கண்ணுகளா. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

பக்கிரிசாமி ஒவ்வொரு படியாக இறங்கி வந்து எதிரே நின்றார். உட்கார் என்று அவள் சொல்லவில்லை.

“லாரி வந்தப்ப எங்கப்பாவும் பொதர்ல படுத்தாராம்,” என்றார். “ரெண்டு தடவையும். அம்மா சொல்லும்.”

“தெரியும்.”

“இல்லாட்டி நான் பொறந்தே இருக்க மாட்டேன்.”

“பொறந்து என்னா செஞ்சீங்க? பேரு வச்சீங்க.”

அவர் ஊன்றுகோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். ஒரு தடவை வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அந்த வாய் மூடி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. மேலேயிருந்து ஜனங்கள் இறங்கி வந்தார்கள். வந்தவர்கள் அவளைத் தாண்டும்போது சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

“வண்டி கெளம்புது,” என்றார் பக்கிரிசாமி. “வா, காளியம்மா.”

அறுபத்தைந்து வருஷத்தில் அந்த வாயில் அந்தப் பேர் வந்ததில்லை. அவளுக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. தலையைத் தூக்காமல் கோப்பியைத் தட்டில் ஊற்றினாள், ஊதினாள், ஒரு மிடறு குடித்தாள். பாதிக்கு மேல் இன்னும் இருந்தது.

ஹாரன் மறுபடி அடித்தது. பக்கிரிசாமி திரும்பிப் பஸ்காரனைப் பார்த்துக் கையைக் காட்டினார், பொறு என்று.

காளியம்மா மெதுவாகத்தான் குடித்தாள். பஸ் நின்றுகொண்டிருந்தது.